நாலுக்கு மேல் வலி கிடையாது

தர மதிப்பீட்டு வாரியத்தின் ஆய்வாளரை நேரில் எல்லோரும் 'ஐயா' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'நட்சத்திரம்' என்பார்கள். வானத்து நட்சத்திரமும் அல்ல, சினிமா நட்சத்திரமும் அல்ல. இனிக் குணமாகாது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்ட நோயாளிகள் தங்கள் கடைசி நாள்களைக் கழிக்கப் பராமரிப்பு இல்லங்கள் இருக்கின்றன அல்லவா, அந்த இல்லங்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போடுகிறவர் அவர். சாகப்போகிறவர்களை யார் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்லும் அதிகாரம் அவருடைய பேனாவில்தான் இருந்தது. அந்தப் பேனாவை நாலு பேர் பார்க்கும்படி சட்டைப்பையில் குத்தியிருப்பார்.

ஆய்வு என்றால் லேசுப்பட்ட காரியம் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பே தேதி போட்டுக் கடிதம் போய்விடும். திடுதிப்பென்று போய் நின்றால் பாவம், அவர்களுக்குச் சங்கடமாக இருக்காதா? குறித்த நாளில் காலை பத்து மணிக்கு வாரியத்தின் கார் வாசலில் நிற்கும். மேலாளர் ஓடி வந்து கதவைத் திறப்பார். அலுவலக அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி, மேசைமேல் டீ, பிஸ்கட், பதினோரு கோப்புகள். அவருடைய நூற்றுப் பதினான்கு கேள்விகளுக்கும் பதில் அந்தக் கோப்புகளிலேயே கிடைத்துவிடும். கையெழுத்து கட்டத்துக்குள் இருக்கிறதா என்று மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். கையெழுத்தின் வால் ஒரு நூலளவு கட்டத்தைத் தாண்டினாலும் படிவம் செல்லாது, மறுபடி எழுத வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் ஒரு நடை நடந்து, திறந்திருக்கும் கதவுகளைப் பார்த்துக் கையை உயர்த்துவார். உள்ளே படுத்திருப்பவர்களிடம் பேசுவது கேள்விப் பட்டியலில் இல்லை.

அவருடைய வாழ்நாள் சாதனை அறுபத்தொன்றாம் கேள்வி. இந்த இல்லங்களில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியிடம் வலி எவ்வளவு என்று கேட்டு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை, கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் எழுதுவார்கள். ஒரு காலத்தில் அந்த அட்டைகளில் ஏழும் எட்டும் கண்டபடி இறைந்து கிடந்தன. பார்க்கவே அசிங்கமாக இருந்தது. ஆய்வாளருக்கு மனம் பொறுக்கவில்லை. உட்கார்ந்து ஒரு சுற்றறிக்கை எழுதினார். இனி நாலுக்கு மேல் எண் வந்தால் அது 'தரக்குறைவு நிகழ்வு'. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மூன்று படிவங்களில் விளக்கம் தர வேண்டும், நட்சத்திரமும் குறையும். சுற்றறிக்கை போன ஆறே மாதத்தில் நாலுக்கு மேல் வலி என்பதே இல்லங்களில் இல்லாமல் போய்விட்டது. இத்தனை வருடம் மருத்துவம் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டும் செய்ய முடியாததை இவர் ஒற்றைத் தாளில் செய்துவிட்டார். வாரியம் ஒரு கேடயம் கொடுத்தது. அது இன்றைக்கும் அவர் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அந்தக் கேடயத்தைப் பார்த்து வாயைப் பிளக்காத ஒரே ஆள் அவருடைய அக்கா. நாற்பது வருடம் தையல் கடை நடத்தியவள். அவளுக்கு நாக்கும் கத்தரிக்கோலும் ஒரே கூர்மை. இவர் சாதனையை விலாவாரியாகச் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏன்டா, படுத்திருக்கறவங்களைக் கேப்பியா?"

"எதுக்குக்கா? எல்லாம் ஃபைல்ல இருக்கும்."

"அப்போ ஆளையே பாக்காம, அவங்க கொடுத்துவிட்ட பழைய சட்டையை வெச்சு அளவெடுக்கற டெய்லர்னு சொல்லு."

அவர் சிரித்துச் சமாளித்தார். அக்கா படிக்காதவள், அவளுக்குத் தர மதிப்பீடு எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அப்படிப்பட்ட அக்காவுக்கு அறுபத்துமூன்று வயதில் புற்றுநோய் வந்தது. எலும்புவரை போய்விட்ட பிறகுதான் தெரிந்தது. இரண்டு மாதம் தாங்கினால் அதிகம் என்றார் டாக்டர். வலிதான் பெரிய பிரச்சனையாக இருக்கும், வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது, நல்ல இல்லமாகப் பாருங்கள் என்றார். அக்காவின் மகள் நேராக மாமாவிடம் வந்து நின்றாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள், சாதாரணமாக யாரிடமும் போய் நிற்கிற பெண் அல்ல.

"மாமா, எது நல்ல இடம்னு உங்களை விட்டா யாருக்குத் தெரியும்? அம்மாவுக்கு வலி இல்லாம இருந்தா போதும். வேற எதுவும் வேணாம்."

ஆய்வாளருக்குப் பழசெல்லாம் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் இவருக்கு எல்லாச் சட்டையும் தைத்துக் கொடுத்தவள் அக்கா. அவளுக்குத் திருப்பிச் செய்ய ஒரு நல்ல காரியம் கையில் இருக்கிறது. யோசிக்கவே இல்லை, ஐந்து நட்சத்திரத்துக்கே அழைத்துப் போனார்.

ஐந்து நட்சத்திரம் என்றால் சும்மாவா? வாசலில் ஐந்து பித்தளை நட்சத்திரங்கள், தினமும் துடைப்பதற்கென்றே ஓர் ஆள். உள்ளே மீன் தொட்டி. திரைச்சீலையும் தலையணையும் மேலாளரின் கழுத்துப்பட்டையும் ஒரே இளநீல நிறம். 'ஐயாவோட அக்கான்னா எங்களுக்கும் அக்கா' என்று மேலாளர் குழைந்தார். தோட்டத்தைப் பார்த்த அறையே கிடைத்தது. அக்கா கட்டிலில் படுத்ததும் திரைச்சீலையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"தையல் நல்லா இருக்கு" என்றாள். வேறு எதையும் பற்றி அபிப்பிராயம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் ஆய்வாளர் பார்க்கப் போனார். பழக்கதோஷம், அறைக்குள் நுழைந்ததும் கண் முதலில் அட்டைக்குத்தான் போனது. இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று. எல்லாம் கட்டத்துக்குள், ஒரே அளவில், முத்து முத்தாக. அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. பரவாயில்லையே, நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பாராட்டிவிட்டு அதற்குப் பிறகுதான் கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார்.

அக்கா கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழுதடு கடிபட்டுப் புண்ணாகியிருந்தது. நெற்றியில் வேர்வை.

"எப்படிக்கா இருக்கே?"

"அட்டையைப் பாத்துக்கோ. அதுல நல்லா இருக்கேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் இரண்டு மணிக் கணக்கை எழுத நர்ஸ் வந்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. ஆய்வாளரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"வலி எவ்வளவும்மா?"

"எட்டு."

"ரெண்டுன்னு போட்டுக்கட்டுமா?"

"எட்டுன்னு சொன்னேன்."

"சரி, உங்களுக்காக மூணு."

"ஏம்மா, நான் என்ன கூடையில காயா விக்கறேன், பேரம் பேசறே? எட்டுன்னா எட்டுதான்."

நர்ஸ் ஆறுதலாகச் சிரித்துவிட்டு அட்டையில் அழகாக மூன்று என்று எழுதினாள். ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைக் கொடுத்தாள்.

"அவங்க எட்டுன்னு சொன்னாங்களே, காதுல விழலையா?" என்றார் ஆய்வாளர்.

"நீங்க புதுசு போல இருக்கு சார்" என்றாள் நர்ஸ், அவருக்குக் கற்றுக்கொடுக்கிற பொறுமையோடு. "இங்க நாலுக்கு மேல வலி கிடையாது."

"கிடையாதுன்னா?"

"கிடையாது சார். நாங்க பயிற்சி எடுக்கும்போது முதல் நாளே சொல்லிக்கொடுத்தாங்க."

"சரி, இந்த மாத்திரை மூணுக்கு. எட்டுக்கு என்ன மருந்து?"

"எட்டுக்கு ஊசி இருக்கு. நல்லா கேக்கும்னு சொல்வாங்க. ஆனா அட்டையில குறைஞ்சது ஆறு இருந்தாத்தான் டாக்டர் எழுதித் தருவார். இங்கதான் யாருக்கும் ஆறே வர்றதில்லையே. அந்த அலமாரிச் சாவி யாருகிட்ட இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது சார்."

அக்கா கம்பியை விடாமலே தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. துணி பாழாகிவிட்டது, இனி வெட்டியவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்பதுபோல் இருந்தது. ஆய்வாளருக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அவமானத்தைவிடக் கோபம் சுலபம் என்பதால், கோபத்தை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார்.

போய்க் குதித்தார். இது இல்லமா, கொட்டகையா என்றார். மனுஷத்தன்மை இருக்கிறதா என்றார். மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எழுந்து போய்ச் சுவரிலிருந்து ஒரு சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கண்ணாடிக்குள் அறுபத்தொன்றாம் கேள்விக்கான சுற்றறிக்கை. அடியில் ஆய்வாளரின் கையெழுத்து, கட்டத்துக்குள் கச்சிதமாக.

"ஐயா, நாங்க இதைத்தான் நம்பி நடத்தறோம். இதுல ஒரு வரிகூட மீறினதில்ல."

"வலியைக் குறைக்கச் சொன்னேன்யா. எண்ணைக் குறைக்கச் சொல்லல."

"நீங்க எங்க ஐயா வலியைப் பாத்தீங்க? எண்ணைத்தானே பாத்தீங்க." மேலாளர் இதை மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இருந்தாலும் உங்க அக்காங்கறதால, ஸ்பெஷலா நாலு போடச் சொல்றேன். இதுவரைக்கும் யாருக்கும் செஞ்சதில்ல."

"எட்டு போடுங்க. ஊசி போடுங்க."

"போடலாம். ஒரே ஒரு எட்டு விழுந்தா நாங்க நாலரை நட்சத்திரம் ஆயிடுவோம். அப்புறம் வாசல்ல இருக்கற பித்தளை நட்சத்திரத்துல ஒண்ணைப் பாதியா அறுக்கணும். அடுத்த மாசம் ஆய்வுக்கு வரப்போறதும் நீங்கதான். எதுக்கு ஐயா நம்மளை நாமே கஷ்டப்படுத்திக்கணும்?"

ஆய்வாளர் தோட்டத்துக்கு வந்து வாரியத் தலைவருக்கு போன் போட்டார். விதியை உடனே மாற்ற வேண்டும் என்றார். தலைவர் பதறிப்போனார். அவ்வளவு அருமையான விதியையா, கேடயமெல்லாம் கொடுத்திருக்கிறோமே, புள்ளிவிவரம் எல்லாம் வெளியே போய்விட்டதே என்றார். அப்படியே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முறைப்படி விண்ணப்பம் கொடுங்கள், குழு மூன்று மாதத்தில் கூடும் என்றார். அக்காவுக்கு இருப்பது இரண்டு மாதம். இதே பதிலை இவர் எத்தனையோ பேருக்கு இதே குரலில் சொல்லியிருக்கிறார் என்பதும் அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

வேனை நிறுத்திவிட்டு வந்த அக்காவின் மகள் எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை.

"மாமா, எல்லா இல்லத்து அட்டையும் பாத்திருக்கீங்க. நோயாளி சொல்றதை அப்படியே எழுதற இடம் ஒண்ணுகூடவா இல்ல?"

இருந்தது. சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை. போன வருடம் அவரே நேரில் போய் இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டு வந்த இடம். லிஃப்ட் முனகும், ஒரு ஜன்னலின் திரைச்சீலை மற்ற ஜன்னலோடு ஒத்துப்போகாது, கோப்புகளில் டீக் கறை. அட்டைகளில் ஏழு, ஒன்பது, எட்டு என்று வாய்க்கு வந்ததெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். 'வலி நிர்வாகம் மிக மோசம்' என்று எழுதிவிட்டு எழுந்தபோது, அங்கே இருந்த தலைமை நர்ஸ் அவரை வழிமறித்தாள். சார், ஒரு பத்து நிமிஷம் ஏதாவது ஒரு கட்டில் பக்கத்துல உக்காந்துட்டுப் போங்க என்றாள். கார் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு இவர் கிளம்பிவிட்டார்.

"ஒண்ணு இருக்கும்மா" என்றார். "ரெண்டு நட்சத்திரம்."

"நட்சத்திரத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க மாமா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா?"

இரண்டு நட்சத்திரத்தில் லிஃப்ட் இன்னும் முனகிக்கொண்டுதான் இருந்தது. திரைச்சீலைகள் இன்னும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. தலைமை நர்ஸ் ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் வந்த ஆளைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டாள். ஆய்வாளர் தலையைக் குனிந்துகொண்டார். நாலு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே விட்டால்கூடப் பரவாயில்லை என்று தயாராகத்தான் வந்திருந்தார். அவள் அவரை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. நேராக அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"எங்கம்மா வலி?"

"இடுப்புல. தொடை வரைக்கும்."

"எவ்வளவு?"

அக்கா மூன்று நாளாகப் பேரம் பேசிக் களைத்துப்போயிருந்தாள். கொஞ்சம் சந்தேகத்தோடு, "எட்டு" என்றாள். பிறகு, "நீயும் குறைச்சு எழுதுவியா? உண்மையில ஒம்பது" என்றாள்.

"ஒம்பது" என்று தலைமை நர்ஸ் எழுதினாள். எழுதும்போதே திரும்பி, டாக்டரைக் கூப்பிடுங்க, ஊசி எடுத்துட்டு வாங்க என்றாள். அலமாரிச் சாவி அவள் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் நடந்து முடியப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை, ஆய்வாளராகவே உட்கார்ந்தார். ஒரு மனிதருடைய வலி குறைவதை இத்தனை வருட உத்தியோகத்தில் அவர் கண்ணால் பார்த்ததில்லை. முதலில் நெற்றிச் சுருக்கம் போனது. பிறகு தோள் தளர்ந்தது. அரை மணி நேரம் கழித்துத் தலைமை நர்ஸ் வந்து கேட்டபோது அக்கா ஆறு என்றாள். அதை எழுதிவிட்டு டாக்டரிடம் கேட்டு இன்னும் கொஞ்சம் கொடுத்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டபோது அக்கா யோசித்தாள். அளவு நாடாவைப் பிடித்துப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணைச் சுருக்கினாள்.

"மூணு" என்றாள். "இதுதான்டா மூணு. அங்க எழுதி வெச்சிருந்தது என்னதுன்னு தெரியல." இங்கேயும் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். ஆய்வாளருக்கு அழுகை வந்துவிட்டது. கைக்குட்டை கிடைக்காமல் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். அக்கா மகளும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

தலைமை நர்ஸ் மூன்று படிவங்களை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"சார், ஒம்பது எழுதியிருக்கேன். விதிப்படி இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள விளக்கம் தரணும். வழக்கமா வேலையெல்லாம் முடிச்சிட்டு நான்தான் உக்காந்து எழுதுவேன். போன மாசம் மட்டும் நாப்பத்தாறு எழுதினேன். அந்த நேரத்துல எத்தனை பேருக்கு முதுகு துடைச்சுவிட்டிருக்கலாம்னு ஒரு கணக்கு இருக்கு, அதை எந்தப் படிவத்துலயும் கேக்க மாட்டேங்கறீங்க. இன்னிக்கு நீங்க எழுதுங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். படிவத்தை வடிவமைத்தவரே அவர்தான், ஆனால் நிரப்புவது இதுதான் முதல் தடவை. முதல் கேள்வி: 'இந்த வலி முன்கூட்டியே ஏன் தவிர்க்கப்படவில்லை? பத்துச் சொற்களுக்குள் கூறவும்.' பேனா அந்தரத்தில் நின்றது.

"என்னடா முழிக்கறே?" என்றாள் அக்கா. ஊசி வேலை செய்ததில் குரல் கொஞ்சம் குழறியது.

"காரணம் கேக்குதுக்கா."

"யாரு கேக்கறது?"

"நான்தான்."

"அப்ப நீயே சொல்லு."

அவர் எழுதினார்: 'மூன்று நாள் வலியை மூன்று என்று எழுதினார்கள்; அப்படி எழுதவைத்தவன் நான்.' எண்ணிப் பார்த்தார். பத்துக்குள் வந்துவிட்டது. அடுத்த கட்டம், 'தரக்குறைவுக்குப் பொறுப்பானவர் பெயர், கையொப்பம்'. இந்தக் கட்டத்தில் இதுவரை நூற்றுக்கணக்கான நர்ஸுகளின் பெயரைப் படித்திருக்கிறார். இன்றைக்குத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கட்டத்தைக்கூடக் கவனிக்கவில்லை.

தலைமை நர்ஸ் படிவத்தை வாங்கி நிதானமாகப் படித்தாள். பொறுப்பானவர் பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு படிவத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, மேசைமேல் திருப்பி வைத்தாள்.

"கையெழுத்தோட வால் கட்டத்துக்கு வெளிய போயிருக்கு சார். செல்லாது. மறுபடி எழுதுங்க."

கட்டிலில் அக்கா சிரித்தாள். எலும்பு வலிக்காமல் சிரிக்க முடிந்ததில் அவளுக்கே ஆச்சரியம், இன்னொரு தடவையும் சிரித்துப் பார்த்தாள். ஆய்வாளர் புதுப் படிவத்துக்குக் கையை நீட்டினார்.